இந்த ஆறு உபயம்

உலகத்தின் பெரிய நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் தோன்றியவை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றின் பக்கத்தில் போய்க் குடியேறுவதில் என்ன பெருமை இருக்கிறது? ஆறே இல்லாத இடத்தில், சிதம்பரம் மேலவீதிக்குப் பின்சந்தில், செல்போன் பழுதுபார்க்கும் கடையின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஓர் ஆற்றையே தோற்றுவித்த நாகரிகம் எங்களுடையது. அதன் செயலாளர் நான். பெயர் கண்ணாயிரம். அரசு அலுவலகம் ஒன்றின் ஆவணக் காப்புப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு இருந்து, ஒரு காகிதத்தைக்கூடத் தொலைக்காமல், ஒரு காகிதத்தைக்கூட யாருக்கும் தேடிக் கொடுக்காமல் ஓய்வு பெற்றவன்.

அமைப்பின் முழுப்பெயர் ‘கடலூர் – சிதம்பரம் வட்டாரப் பொழுதுபோக்குக் கணினி விளையாட்டுப் படைப்பாளர் பேரவை’. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு விளையாட்டையே செய்து முடித்துவிடுவார்கள் என்று பொறாமைக்காரர்கள் பேசுவதுண்டு. பேரவையில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பொறுப்பு உண்டு; சாதாரண உறுப்பினர் என்று சொல்லி யாரையும் நாங்கள் அவமதிப்பதில்லை. தலைவர் சின்னையன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளக்ஸ் அச்சகம் வைத்திருப்பவர். கணினி விளையாட்டு எதையும் இதுவரை விளையாடியதில்லை என்பதால் முழுமையான நடுநிலையாளர். மகளிர் அணித் தலைவர் ஆண்டி. மகளிர் யாராவது வந்து சேரும்வரை அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவருக்கு மீசை பெரியது என்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

ஒன்பது பேரில் கணினி தெரிந்தவன் ஒருவன்தான். என் அக்கா மகன் கதிரவன், மேற்படி செல்போன் கடைக்காரன். வேலை தெரிந்தவனுக்குப் பதவி எதற்கு என்று யோசித்து, ‘தொழில்நுட்ப அணி இணைத் துணைச் செயலாளர்’ என்ற கடைசிப் பொறுப்பை அவனுக்கு வழங்கினோம்.

கதிரவன் நான்கு வருடமாகச் செய்துவந்த விளையாட்டு ‘குமராட்சி மினிபஸ்’. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து சாலையெல்லாம் தண்ணீர். பயணிகளோடு மினிபஸ்ஸைச் சிதம்பரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஓட்டினால் சேர்ந்துவிடலாம். ஆழத்தில் இறக்கினால் என்ஜின் அணைந்து, ஓட்டுநர் முதற்கொண்டு எல்லாரும் கூரைமேல் ஏறி உட்கார்ந்து நம்மைப் பார்த்துத் திட்டுவார்கள். ஆக, தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே ஆழம், எங்கே இல்லை என்று தெரிய வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான்.

அவனோ நிரல் எழுதுபவன், வரையத் தெரியாது. முதலில் அவன் செய்த கொள்ளிடம் ஒரு நீலச் செவ்வகமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சாய்ரா கடைக்கு வந்தாள்.

சாய்ரா பரங்கிப்பேட்டைப் பெண். இருபத்து நான்கு வயது. சிதம்பரத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்தக் கடையில் மிகுந்த மரியாதையோடு நாற்காலி போட்டார்கள். அதில் வாடிக்கையாளர்களின் கைப்பைகள் உட்கார்ந்திருக்கும். உடைந்த போனைக் கொடுக்க வந்தவள் கதிரவனின் கணினித் திரையைப் பார்த்தாள்.

“ண்ணா, இது என்னா தார்ப்பாயா?”

“தண்ணிம்மா.”

“தண்ணியா! காயப்போட்ட மாதிரில்ல கெடக்குது?”

கதிரவன் கோபித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து இடம் விட்டான். அவள் போனை மறந்துவிட்டு மௌஸைப் பிடித்தாள். அன்றிலிருந்து ஜவுளிக் கடை திறக்கும் முன்பு காலையில் ஒரு மணி நேரமும், வார விடுமுறை நாள் முழுவதும் அவள் கதிரவனின் கடையில்தான் இருந்தாள். வீட்டில் கணினி கிடையாது; போனிலோ படம் ஏற இடம் கிடையாது. எல்லாம் கதிரவனின் கணினியில்தான்.

தண்ணீருக்கு மொத்தம் எட்டே படம், மாறி மாறி ஓடும். மூன்றே நிறம். ஆழமில்லாத இடத்துக்குச் செம்மண் கலந்த பச்சை, ஆழத்துக்குக் கறுத்த பச்சை, நுரைக்கு வெள்ளை. சிறுவர் படக்கதையில் வரும் தண்ணீர்போல் தடித்த கோடு. அதைப் பற்றி அவள் கதிரவனிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

“தண்ணிய அப்பிடியே வரையக் கூடாதுண்ணா. அது எதுமேல முட்டுதோ அங்க மட்டும் வெள்ளக் கோடு வுடணும். கோட்டையும் முழுசா வுடக் கூடாது. அறுந்து அறுந்து வரணும். அப்பத்தான் கண்ணு நம்பும்.”

இரண்டு மாதத்தில் ஆறு தயாரானது. மினிபஸ் தண்ணீரில் இறங்கியதும் நான்கு சக்கரத்தையும் சுற்றி நுரை வட்டம் கிளம்பியது. மூழ்கிய மைல்கல் ஒன்று அடியில் மங்கலாகத் தெரிந்தது. வேலிக்கம்பு ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளைக் கோடு வந்து வந்து போயிற்று. நான் என்னை அறியாமல் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேட்டியைத் தூக்க வைத்த தண்ணீர் அது. அழகாக இருந்தது. அதை இங்கே ஒளிக்காமல் பதிவு செய்கிறேன், ஏனென்றால் பேரவையின் ஏட்டில் அது பதிவாகவில்லை.

கதிரவனுக்குப் புதுச்சேரியில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ஓவியப் பிரிவை நடத்தும் காயத்ரி என்ற அம்மையாரைத் தெரியும். போனில் பேசினான். அவர்களுக்குத் தண்ணீர், புகை, நெருப்பு வரைய ஆள் தேவைப்பட்டது. “வீடியோல்லாம் அனுப்பாத கதிரவன். தண்ணிய ஓட்டிப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். உங்க வெளியீட்டு விழா கடலூர்லதானே? நானே வர்றேன். தண்ணி நல்லா இருந்தா அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கே வேல” என்றார் அவர்.

சாய்ரா இதை என்னிடம் சொன்னபோது மூச்சு வாங்கினாள்.

“உக்காந்து செய்யிற வேல சார்! நாற்காலி குடுப்பாங்களாம். சக்கரம் வெச்ச நாற்காலியாம்.”

இப்படிப்பட்ட வெற்றி நேரத்தில் ஒரு பேரவை என்ன செய்ய வேண்டும்? கூட்டம் போட வேண்டும். போட்டோம்.

எங்கள் கூட்ட அறையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு பொறுப்பாளரின் உபயம். தரையில் கிடக்கும் பாயில் பொருளாளரின் பெயர் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தில் பிரச்சாரச் செயலாளரின் பெயரும் அவருடைய மறைந்த மாமனாரின் பெயரும் இருக்கின்றன. குழல்விளக்கில் தலைவரின் பெயர், தந்தையார் பெயர், அச்சகத்தின் பெயர், கிளை விவரம் எல்லாம் எழுதிய பிறகு ஓரத்தில் மிஞ்சிய இரண்டு அங்குலத்தில் வெளிச்சம் வருகிறது. அந்த வெளிச்சத்தில் பெயர் நன்றாகவே தெரிகிறது. மின்விசிறி துணைத் தலைவரின் உபயம். மூன்று இறக்கையிலும் பெயர் உண்டு. சுற்றினால் படிக்க முடியாது என்பதால் கூட்ட நாள்களில் அதைச் சுற்ற விடுவதில்லை. கூட்டம் இல்லாத நாள்களில் அறைக்கு யாரும் வருவதில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அனைவரும் ஆற்றைப் பார்த்தோம். தலைவர் சின்னையன் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“எல்லாஞ் சரி. இந்தத் தண்ணி யாரு உபயம்?”

இவ்வளவு பெரிய ஆறு. ஒரு பெயர்கூட இல்லாமல் அநாதையாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“தண்ணி செஞ்சது சாய்ராதான் மாமா. போடறதுன்னா அது பேரத்தான் போடணும்” என்றான் கதிரவன்.

அவனுக்கு வயது போதாது. நான் பொறுமையாக விளக்கினேன். “உபயம்னா குடுத்தவங்க பேருடா. டியூப்லைட்ட செஞ்ச தொழிலாளி பேரையா அதுல எழுதறோம்?”

“சரி, இவுங்க என்னா குடுத்தாங்க?”

“ஆதரவு குடுக்கறோம்ல?” என்றார் தலைவர்.

மேலும் சாய்ரா பேரவையின் உறுப்பினரே அல்ல. விதி நான்கின்படி இரண்டு பொறுப்பாளர்கள் பரிந்துரைத்தால்தான் உறுப்பினராக முடியும். இரண்டு மாதமாக எங்களில் யாருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. ஆகவே ஆற்றில் தலைவரின் பெயரை எழுதுவது என்று தீர்மானமாயிற்று.

எழுத வேண்டியவளும் சாய்ராதான், எங்களுக்குத் தெரியாதே! விளையாட்டில் ஆறு என்பது உண்மையில் ஒரு சிறு சதுரம். தரைக்கு ஓடு பதிப்பதுபோல அதே சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் ஆறாகிவிடும். ஆகவே அந்தச் சதுரத்தில் அவள் ஒரே ஒரு முறை ‘உபயம்: சின்னையன்’ என்று எழுதினாள். கதிரவன் ஓட்டிக் காட்டினான். கரைக்குக் கரை சின்னையன். பாலத்துக்கு அடியில் சின்னையன். மினிபஸ்ஸின் சக்கரத்துக்குக் கீழே சின்னையன். எல்லாச் சின்னையன்களும் அலையில் மெல்ல ஆடினார்கள்.

தலைவரின் கண்கள் கலங்கின. “எத்தினி எடத்துல இருக்கேன்?”

“ஆயிரத்து நானூறு எடத்துல இருக்கீங்க தலைவரே.”

“அவ்ளோ ஜாஸ்தியா! என் வாழ்நாள்ல நான் அடிச்ச பிளக்ஸெல்லாம் சேத்தாக்கூட இவ்ளோ வராதுய்யா.”

மற்ற ஏழு பேர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று பின்னால் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் எட்டுப் பெயரும் ஏறின. கதிரவன் மட்டும் வேண்டாம் என்றுவிட்டான். எட்டாவது பெயர் என்னுடையது. நான் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு வந்திருந்த பட்டியலில் அது தானாக இருந்தது.

பெயர் ஏறிய பிறகுதான் ஆற்றிலுள்ள குறைகள் எங்கள் கண்ணில் பட்டன. கறுத்த பச்சையில் எழுத்து எடுபடவில்லை. தலைவர் தம் தொழில் அனுபவத்திலிருந்து மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்து என்று வழிகாட்டினார். கொள்ளிடம் மஞ்சளானது. ஆழமான இடம் ஒரு மஞ்சள், ஆழமில்லாத இடம் இன்னொரு மஞ்சள் என்று சாய்ரா வைத்துப் பார்த்தாள். பொருளாளரின் பெயர் மங்கலான மஞ்சளில் விழுந்துவிட்டது. அவர் வெளிநடப்புச் செய்தார். மேலே இருப்பவர், ஆழத்தில் இருப்பவர் என்ற பாகுபாடு பேரவையில் கிடையாது என்று உடனே தீர்மானித்து, ஆறு முழுவதும் ஒரே மஞ்சளாக்கி, தேநீர்க் கடையிலிருந்த அவரை அழைத்துவந்தோம்.

அடுத்து ஆண்டி எழுந்தார்.

“என் பேருல கடைசி எழுத்துமேல நுரை வந்து குந்துது தலைவரே. ‘ஆண்’னு மட்டும் தெரியுது. மகளிர் அணிக்கு இது நல்லாவா இருக்கு?”

நியாயம்தான். நுரை நீக்கப்பட்டது.

“அப்பறம், பேரு ஆடுது” என்றார் துணைத் தலைவர். “ஆடற பேரு குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்வாங்க.”

அப்படி யார் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்விளைவு என்று ஒன்று இருக்கிறதே! அலை நிறுத்தப்பட்டது. எட்டுப் படத்தில் ஏழு போக ஒன்று மிஞ்சியது. அணை கட்டாமல், ஒரு செங்கல் வைக்காமல், வெறும் தீர்மானத்தாலேயே ஓர் ஆற்றை நிறுத்திய அமைப்பு வேறு இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மறுநாள் காலையில் சாய்ரா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சார், கோட்ட எடுத்துட்டீங்க, சரி. ஆட்டத்த நிறுத்திட்டீங்க, சரி. ஆழமாச்சும் தெரியட்டும் சார். அந்தம்மா தண்ணியப் பாக்கத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க.”

“வரட்டும்மா. தண்ணி எங்க வேணா பாக்கலாம். எட்டுப் பொறுப்பாளர ஒரே எடத்துல எங்க பாப்பாங்க?”

“விழாவுக்கு மட்டும் பழச ஓட்டுங்க சார். அந்தம்மா போனதும் உங்க பேரெல்லாம் நானே திரும்பப் போட்டுத் தர்றேன். சத்தியமா.”

“தீர்மானம் ஆயிடுச்சேம்மா.”

“எனக்கு வேல போயிடும் சார்.”

“எங்க போவுது? கடை வேல இருக்குதுல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். மணி ஒன்பதேகால் என்பதால் திரும்பி ஓடினாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மனம் உறுத்தியது என்றே எழுதலாம். ஆனால் மனம் உறுத்தும்போதெல்லாம் ஒரு கோப்பைத் திறந்து உட்கார்ந்துகொள்வது என் முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம். அப்படி உட்கார்ந்தபோதுதான், ஒரே ஆற்றுக்கு இரண்டு படிகள் இருப்பது எதிர்காலத்தில் குழப்பத்துக்கு வழி செய்யும் என்று எனக்குப் பட்டது. கதிரவனின் கடைக்குப் போய்ப் பழைய ஆற்றை அழிக்கச் சொன்னேன்.

“மாமா, வேணாம் மாமா. அது அந்தப் பொண்ணோட கைவேல.”

“பேரவைச் சொத்துடா அது. அழி.”

அவன் அழிக்கவில்லை. ஆகவே எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நானே அழுத்தினேன். கணினியில் நான் சொந்தமாகச் செய்த முதல் வேலை அது. ‘மூலப்படி கழிக்கப்பட்டது’ என்று ஒரு தனித்தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் நல்ல மழை. வாசலில் பன்னிரண்டு அடிப் பிளக்ஸில் எட்டு முகங்கள் நனைந்துகொண்டு சிரித்தன. சாய்ரா கடையில் அரை நாள் அனுமதி கேட்டு வாங்கி, பஸ் பிடித்து வந்திருந்தாள். நாற்காலிகள் சிறப்பு விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் பின்னால் சுவரோரம் நின்றாள். அதில் அவளுக்குப் பயிற்சி உண்டு.

காயத்ரி அம்மையார் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் நாங்கள் பேசினோம். நீரின் பெருமையைத் தலைவர் பேசினார். தலைவரின் பெருமையை நான் பேசினேன். நீரும் பெண்ணும் என்ற தலைப்பில் ஆண்டி பேசினார். பிறகு பெரிய திரையில் விளையாட்டைப் போட்டு, விசைப்பலகையை அம்மையாரின் முன்னால் வைத்தான் கதிரவன். அவன் முகம் சரியில்லை.

அம்மையார் மினிபஸ்ஸை ஓட்டினார். இரண்டாவது விநாடியில் மூழ்கியது. பயணிகள் கூரைமேல் ஏறித் திட்டினார்கள். மறுபடி ஓட்டினார். துணைத் தலைவரின் பெயர்மேல் மூழ்கியது. மூன்றாவது முறை பொருளாளரின் பெயரைத் தாண்டும்போது மூழ்கியது.

“எங்க ஆழம்னு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார்.

“அதான் மேடம், பேரெல்லாம் தெளிவாப் போட்டிருக்குதே” என்றார் தலைவர்.

“பேரு தெரியுது. ஆறு எங்க?”

“மஞ்சளா இருக்குது பாருங்க, அதான் ஆறு.”

“நான் அத வெளம்பரம்னு நெனச்சுத் தள்ளி ஓட்டப் பாத்தேன்.” அவர் விசைப்பலகையை நகர்த்தி வைத்தார். “இந்தத் தண்ணியச் செஞ்சது யாரு?”

வாழ்க்கையில் ஒரு முறைதான் இப்படிப்பட்ட கேள்வி வரும். நாங்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

“எட்டுப் பேருமா?” அம்மையார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “சரி, நல்லது. பதினெட்டு வருஷமா இந்த வேலைல இருக்கேன். இவ்வளவு மோசமான தண்ணிய நான் எங்கயும் பாத்ததில்ல. ஓட்டறவங்கள ஏமாத்துற தண்ணி இது. இதச் செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சா அவங்க பேர எழுதி வெச்சுக்குவேன். இனிமே எங்கயும் வேலைக்கு எடுத்துடக் கூடாதுன்னு.”

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

எட்டு நாற்காலிகள் ஒரே சமயத்தில் கிரீச்சிட்டன. நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். எட்டு விரல்கள் மண்டபத்தின் பின்சுவரை நோக்கி நீண்டன.

“அந்தப் பொண்ணுதாங்க மேடம்” என்றார் தலைவர்.

“எங்களுக்கு கம்ப்யூட்டரே தெரியாதுங்க” என்றார் ஆண்டி. அன்று மேடையில் பேசப்பட்டதிலேயே கலப்படமில்லாத உண்மை அது.

“எல்லாம் அதோட கைவேலதான். நாங்க ஒரு கோடுகூடப் போடல” என்றார் துணைத் தலைவர்.

“மாமா!” என்றான் கதிரவன். அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாய்ரா சுவரிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“தண்ணி நான்தாங்க செஞ்சேன். நான் செஞ்சது இது இல்ல.”

“அப்ப அதக் காட்டு.”

“அழிச்சிட்டாங்க.”

அம்மையார் கதிரவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். “கையெழுத்துப் போட்டு அழிச்சாங்கங்க” என்றான்.

“சரி. வரைஞ்சு காட்டுவியா?”

“பேப்பர் இருக்குங்களா?”

இந்த இடத்தில் நான் உதவ முன்வந்தேன் என்பதை வரலாறு மறக்கக் கூடாது. விழா அழைப்பிதழ் ஒன்றை நீட்டினேன். அவள் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் பெயர்கள். கட்டைவிரல் வைக்க வெற்றிடம் இல்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “வெளிய வாங்கம்மா, காட்டறேன்” என்று அந்த அம்மையாரை அழைத்துக்கொண்டு போனாள்.

பொருளாளர் நன்றியுரையை ஆரம்பித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மண்டபத்துக்கு எதிரே, மழைக்குத் தேங்கிய குட்டையின் ஓரத்தில் இரண்டு பெண்களும் குந்தியிருந்தார்கள். சாய்ரா ஒரு செங்கல் துண்டைத் தண்ணீரில் வைத்து, அதைச் சுற்றி விரலால் ஏதோ காட்டினாள். அம்மையார் நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுத்தார். அவள் பக்கங்களின் மூலையில் ஒவ்வொன்றாக ஏதோ வரைந்தாள். பிறகு அம்மையார் அந்த மூலையைக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டிப் பார்த்தார். மறுபடி புரட்டினார். மூன்றாவது முறை புரட்டும்போது அவருடைய புடவைத் தலைப்பு குட்டையில் நனைவதை அவர் கவனிக்கவில்லை.

நான் திரும்பி வந்து பேரவை ஏட்டில் நிகழ்ச்சிக் குறிப்பை எழுதினேன். நாளை யாராவது கேள்வி கேட்டால் பேரவைக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? எழுதியது இது: ‘விளையாட்டில் உள்ள நீரை முழுவதும் வரைந்தவர் சாய்ரா ஒருவரே என்பதையும், பொறுப்பாளர் எவருக்கும் அதில் ஒரு கோட்டளவும் பங்கில்லை என்பதையும் பேரவை ஏகமனதாக உறுதி செய்கிறது. முன்மொழிந்தவர்: கண்ணாயிரம், செயலாளர்.’ எட்டுப் பேரும் கையொப்பமிட்டோம். வழக்கமாக ஒரு கையொப்பத்துக்கு இரண்டு வாரம் அலைய வேண்டும். அன்று நான்கு நிமிடத்தில் முடிந்தது.

சாய்ரா அடுத்த மாதம் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கதிரவன் பேரவையிலிருந்து விலகி, விளையாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொள்ளிடம் மறுபடியும் ஓடுகிறதாம். நுரைகூட உண்டாம். ஊரில் பேசிக்கொள்கிறார்கள், என்னிடம் அவன் பேசுவதில்லை.

செய்தி தலைவர் காதுக்கு எட்டிய அன்றே எனக்குப் போன் வந்தது.

“கண்ணாயிரம், அது நம்ம பொண்ணுய்யா! நம்ம தண்ணியப் பாத்துதான்யா வேல குடுத்திருக்காங்க! உடனே பிளக்ஸ் அடிக்கறேன். ‘நீர் ஓவியரை உருவாக்கிய எண்மர்’னு போடறேன். நல்லா இருக்குல்ல?”

“அந்தப் பொண்ணு படம் போடறோமா தலைவரே?”

“எட்டு மூஞ்சி போட்டப்பறம் எடம் ஏதுய்யா? அத வுடு. நீ அன்னைக்கு எழுதி வெச்ச பாரு, நமக்கு ஒரு கோட்டளவும் பங்கில்லன்னு, அது எவன் கண்ணுலயாச்சும் பட்டா நாறிடும். அத எடுத்துடு.”

ஏட்டைத் திறந்து பார்த்தேன். நான்கு ஆண்டு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாம் என் கையெழுத்துதான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். நடந்தது நடந்தபடி எழுதப்பட்ட வரி அந்த ஒன்றுதான். அதையும் ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுப்பதற்காகத்தான் எழுதியிருக்கிறோம்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம். பொருள்: மேற்படி வரியை நீக்குதல். முன்மொழிபவர்: கண்ணாயிரம், செயலாளர்.